பாலில் வைத்த பல்

அதைக் காகிதத்தில் மடித்து வைக்காதீர்கள் தங்கச்சி. காய்ந்துவிடும். வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது பாருங்கள், அங்கே ஒரு தம்ளர் ஆறின பால் வாங்கி அதற்குள் போட்டு வையுங்கள். சீனி போடாத பாலாகக் கேளுங்கள். பல் துண்டு காயாமல் இருந்தால் அப்படியே ஒட்டிவிடுவார்கள். ஒட்டின இடம்கூடத் தெரியாது. நான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள். உங்களுக்கு டோக்கன் நாற்பத்து மூன்றுதானே? எங்களுக்கே முப்பத்தெட்டு. நேரம் இருக்கிறது.

வந்துவிட்டீர்களா? ஆங், இப்படித்தான். மூடி வையுங்கள், ஈ விழும். பாப்பா நல்ல பிள்ளை, அழவே இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். நீங்கள் பார்த்தீர்களா, விழுந்ததை? கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் சரி. பிள்ளைகள் சொல்வதை நம்ப முடியாது, அதற்காகக் கேட்டேன்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று பார்க்கிறீர்கள். நான் ஐந்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள். எல்லாம் இந்தப் பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்த படிப்புதான். போன ஆடியிலிருந்து கோவில்பட்டியில் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறோம். அதோ, தூண் பக்கத்தில் ரெட்டைச் சடை போட்டு நிற்கிறாளே, அவள்தான் என் மகள் செண்பகா. பன்னிரண்டு வயது. பச்சைச் சேலை கட்டியிருப்பது அவள் அத்தை கோமதி, என் வீட்டுக்காரரின் தங்கை. அவர்கள் அங்கே, நான் இங்கே. பஸ்ஸிலும் அப்படித்தான் வந்தோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவர்கள் இரண்டு பேரும், நான் பின்னால் ஒரு மீன்கூடைக்காரியோடு.

சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை என்றால் நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இது துரோகம். பெற்ற பிள்ளை, கட்டின புருஷன், நாத்தனார், மூன்று பேரும் சேர்ந்து செய்தது.

திங்கட்கிழமை அவள் போகிறாள். மதுரைக்கு அந்தப் பக்கம் ஏதோ விளையாட்டு விடுதியாம், அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே ஹாக்கி ஆட வேண்டுமாம். இன்றைக்கு டாக்டரம்மா பல்லைச் சோதித்துப் பார்த்து, ஆடலாம் என்று சொன்னால் போவாள். ஆடக்கூடாது என்று சொன்னால் இருப்பாள். அதற்காகத்தான் வந்திருக்கிறோம். பஞ்சைக் குளிரவைத்துப் பல்லில் வைப்பார்கள். சுரீர் என்றால் பல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் தெரியவில்லை என்றால் செத்துப்போயிருக்கலாம். அந்தப் பல் சாக வேண்டும் என்று நான் நினைப்பேனா? பெற்றவள் நினைப்பேனா? டாக்டரம்மா ஆட வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான் நான் கேட்பது.

முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஹாக்கி ஒரு பைத்தியம். ஆண் பிள்ளைகள் ஆடட்டும், யார் வேண்டாம் என்றது. இவளுக்கு அஞ்சாம் வகுப்பிலேயே பிடித்துக்கொண்டது. வெயிலில் கருத்து, முட்டியெல்லாம் சிராய்த்து, அரைக்கால் சட்டையோடு தெருவில் வருகிறாள். போன வருஷம் தை மாதம் ஒரு முடிவு கட்டினேன். அவள் ஹாக்கிக் கட்டையை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். அதொன்றும் பெரிய விஷயமில்லை, பழைய கட்டைதான். "இனிமே தொடுவியா?" என்றேன். "தொடமாட்டேம்மா" என்றாள். "என் தலையில கை வச்சுச் சொல்லு" என்றேன். வைத்தாள். வலது கை. நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம், கையில் ஒட்டின எண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து எனக்கு அடிக்கடி தலைவலி வருகிறது. அப்போது காரணம் தெரியவில்லை.

ஆடி மாதம் ஒரு சாயந்திரம், வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். சட்டை முன்புறம் முழுக்க ரத்தம். எனக்கு உயிரே இல்லை. என்னடி என்றால், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த்தொட்டிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்கிறாள். கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால், மேலே முன்பல், வலது பக்கத்துப் பல், குறுக்காகப் பாதி இல்லை. ஏழு வயதில் முளைத்து, நான் பார்த்துப் பார்த்து வேப்பங்குச்சியால் தேய்த்துவிட்ட பல்.

பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள். "அம்மா, இதப் பத்திரமா வை. டீச்சர் பால்ல போட்டு வைக்கச் சொன்னாங்க." அவ்வளவுதான் சொன்னாள். வாய் வீங்கியிருந்தது, பேச முடியவில்லை. எங்கள் தெரு டாக்டர் பார்த்துவிட்டு, நாளைக்கு விடிந்ததும் பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்கிறேன். முன்பின் தெரியாதவர் என்பதால் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, கோமதிக்குத் தெரியாது.

அவளைப் படுக்கவைத்துவிட்டு அந்த டப்பாவைத் திறந்தேன். பால் திரிந்து வாடை அடித்தது. உள்ளே அரிசி மாதிரி அந்தத் துண்டு. பல் என்றால் என்ன செய்வோம் நாம்? நீங்களும் செய்திருப்பீர்கள். அவளுடைய பால் பல் ஒவ்வொன்றையும் சாணியில் பொதிந்து நான்தான் கூரையில் எறிந்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை, எல்லாம் முத்து முத்தாக முளைத்தன. எங்கள் தெருவில் இப்போது மாடு கிடையாது. இரண்டு தெரு தள்ளிப் போய், ஒரு பால்காரரிடம் கேட்டு ஒரு கை சாணி வாங்கி வந்தேன். துண்டை அதற்குள் வைத்து உருட்டி, கிழக்கே பார்த்து நின்று, என் பிள்ளைக்கு நல்ல பல்லாகக் கொடு தாயே என்று ஓட்டின் மேல் வீசினேன். எத்தனை அக்கறை இருந்தால் அதைச் செய்வேன்? டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தேன்.

காலையில் கிளம்பும்போது கேட்டாள். "அந்த டப்பா எங்கம்மா?"

"கழுவி வச்சிட்டேன்."

"உள்ள இருந்தது?"

"கூரையில போட்டாச்சு. மூணு மாசத்துல முளைச்சிரும், பாரு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வலி என்று நினைத்தேன்.

இதே ஆஸ்பத்திரிதான், உள்ளே மூன்றாவது நாற்காலி. டாக்டரம்மா நல்ல மாதிரி, ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். சுற்றிலும் நாலு படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறார்கள். பல்லைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான். "உடைஞ்ச துண்டு எங்கம்மா? கொண்டு வந்தீங்களா? இருந்தா அதையே ஒட்டிரலாம். சொந்தப் பல்லு மாதிரி எதுவும் வராது."

நான் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா முழிக்கிறீங்க? பால் பல்லுன்னு நெனச்சுக் கூரையில எறிஞ்சிட்டீங்களா? போன மாசம் ஒரு அம்மா அப்படித்தான் வந்து நின்னாங்க. நிரந்தரப் பல்லும்மா, இனிமே ஏது முளைக்கிறதுன்னேன். ஆண்டவன் விட்ட வழின்னாங்க!"

அந்த நாலு பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். எனக்குக் காதெல்லாம் கொதிக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவேன். அப்போது இவள், நாற்காலியில் சாய்ந்து கிடந்தவள், அந்த வீங்கின வாயோடு சொல்கிறாள்: "மண்ணுல விழுந்து தொலைஞ்சிருச்சு டாக்டர். கிரவுண்டு பூராத் தேடிப் பாத்தோம். கெடைக்கல."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை தங்கச்சி! ஒரு தடுமாற்றம் கிடையாது. அத்தனை பெரிய டாக்டரிடம், அத்தனை பேர் நடுவில், அப்படி ஒரு பொய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வழவழப்பாகப் பொய் சொல்ல வருமா? அன்றைக்குத்தான் என் மகள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது.

வைத்தியத்தைக் குறை சொல்லமாட்டேன். உடைந்த இடத்தில் குண்டூசி முனை அளவு சிவப்பாகத் தெரிந்தது. அது நரம்பாம். இந்த வயதில் வேரின் நுனி இன்னும் மூடியிருக்காதாம், பல் உயிரோடு இருந்தால்தான் வேர் வளர்ந்து முடியுமாம். அதனால் நரம்பை முழுக்க எடுக்காமல் மேலாக மட்டும் கொஞ்சம் எடுத்து, மருந்து வைத்து மூடினார்கள். பிறகு பல் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி, பாதிப் பல்லை முழுப் பல்லாக்கினார்கள். பதினெட்டு வயதுக்கு மேல்தான் நிரந்தரமாக உறை போட முடியுமாம், அதுவரை இதுதான். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்து இரண்டு நாள் தடம் இருந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை குடைந்துகொண்டே இருந்தது. மண், கிரவுண்டு. படியில் விழுந்தவளுக்கு ஏது மண்? ஏது கிரவுண்டு? அவள் அதை வாய்தவறிச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்றைக்கும் அந்தப் படியைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாதிச் சந்தேகம், பாதிச் சண்டை. படிக்குச் சுரசுரப்பாகச் சிமெண்டு பூசாமல் நகர்வதில்லை என்று போனேன். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார், "படியா? நம்ம தண்ணித்தொட்டிக்குப் படியே கெடையாதேம்மா."

போய்ப் பார்த்தேன். கிடையாது. தரையோடு தரையாக இருக்கிறது.

"ஹாக்கி ஆடறப்ப எதிர் டீம் பிள்ளையோட கம்பு பட்டுருச்சு. ஒங்க வீட்டுக்காரர்தான் ஒடனே வந்து பாத்து, வண்டியில கூட்டிட்டுப் போனாரே, சொல்லலையா?" என்றார். சுவரில் போட்டோவைக் காட்டினார். பதினாறு பிள்ளைகள், முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது என் மகள், முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு. வட்டாரப் போட்டியில் ஜெயித்ததாம். எந்த மாதம் என்றேன். மாசி என்றார். என் தலையில் கை வைத்து ஒரு மாதம் முழுதாக ஆகியிருக்காது.

அன்றைக்கு நான் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்காதீர்கள். தோண்டத் தோண்ட வந்தது. புதுக் கட்டை எங்கள் லோடு ஆட்டோவில், தார்ப்பாய்க்கு அடியில். அவர் தினமும் ஓட்டுகிற வண்டி! ஷூவும் சட்டையும் கோமதி வீட்டில். பள்ளிக்கூடம் விட்டதும் டியூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவாள், திரும்பி வந்து குளித்துப் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். நான் அந்தப் பூவைப் பார்த்து என் பிள்ளை அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். டீக்கடைக்காரருக்குத் தெரியும். இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா, "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்கிறாள். ஊருக்கே தெரிந்தது ஆறு மாதம் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உடைந்த வாயோடு தெருமுனையில் இறக்கிவிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி அரை மணி கழித்து வந்து, "ஐயையோ, என்ன ஆச்சு" என்றாரே, அந்த நடிப்பை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

கேட்டேன். "ஒங்கிட்டச் சொன்னா ஒத்துக்குவியா?" என்றார்.

"சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்?"

"கட்டைய அடுப்புல வச்சவகிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார்.

கோமதி வந்தாள். "மதினி, புள்ள அழுதுச்சு, மனசு கேக்கல. தப்புத்தான். ஆனா நீங்க ஒரு தடவ வந்து அது ஓடறதப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். நான் எதற்குப் பார்க்க வேண்டும்? என்னை ஏமாற்றினதை நானே போய் வேடிக்கை பார்க்க வேண்டுமா?

நான் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் மறைத்தவள் இல்லை தங்கச்சி. அதுதான் என் பலவீனம்.

அந்தத் துண்டு விஷயமா? அது மறைத்தது இல்லை. எல்லாம் வெளியான அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்டார், "துண்டு இருந்தா ஒட்டியிருக்கலாமாமே, எங்க அது?" என்று. "மண்ணுல தொலைச்சிட்டாளாம் ஒங்க மக" என்றேன். அவள் டாக்டரிடம் சொன்னதைத்தானே நான் சொன்னேன்? என் வாயால் புதிதாக ஒன்றும் சொல்லவில்லையே. அவர் அவளைத் திட்டினார். "ஒரு துண்டப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, பெருசா ஆட வந்துட்ட" என்றார். அவள் தலை நிமிரவில்லை. ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யை ஆரம்பித்தது யார்?

அதற்குப் பிறகும் ஒரு தவணை தவறாமல் நான்தான் கூட்டிவந்தேன். ஒட்டின பல் ஒரு முறை பெயர்ந்துவிட்டது, மறுபடி வைத்தார்கள். அப்போதும் என் கையைத்தான் பிடித்தாள். பேசமாட்டாள், கையை மட்டும் பிடிப்பாள்.

வைகாசியில் விடுதிக் கடிதம் வந்தது. இந்த முறை மறைக்கவில்லை, என் எதிரிலேயே அவர் கையெழுத்துப் போட்டார். அம்மா போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் போடமாட்டேன் என்றேன். என் தலையில் அடித்த சத்தியத்தை எடுத்துச் சொன்னேன். நீங்கள் மூன்று பேரும் எனக்குத் துரோகம் செய்தவர்கள், பெற்ற வயிறு எரிகிறது என்று சொன்னேன். நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக ஒரு வார்த்தை கேட்டாள்.

"நான் ஒன்ன ஒரு நாளாவது யார்ட்டயாவது காட்டிக் கொடுத்தேனாம்மா?"

"காட்டிக் கொடுக்க எங்கிட்ட என்னடி இருக்கு?" என்றேன்.

என்னையே பார்த்தாள். கூரையில் போட்டாச்சு என்று சொன்ன காலையில் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு பேனாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். அம்மா இடத்தில் அத்தை போடலாம் என்று யாரோ சொல்ல, கோமதி போட்டாள். இன்றைக்குக் காலையில், "அத்த உள்ள வரட்டும், நீ வெளிய இரு" என்றாள். அவ்வளவுதான். பதினோரு மாதம் பிடித்த கை.

நீங்களே சொல்லுங்கள், என்னிடம் காட்டிக் கொடுக்க என்ன இருக்கிறது? பாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே. அவளுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

முப்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள். போகிறார்கள் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறாளா? இல்லை. கோமதிதான் பார்க்கிறாள். இருக்கட்டும்.

இப்போது பஞ்சை வைப்பார்கள். முதலில் பக்கத்துப் பல்லில் வைப்பார்கள், அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. பிறகுதான் இந்தப் பல். அவளுக்குக் கூச்சம் அதிகம், தோளைத் தூக்குவாள், அப்போது முழங்கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடுவாள். கோமதிக்கு அது தெரியாது. தெரியாதவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

இவ்வளவு நேரம் ஆகாதே.

வந்துவிட்டார்கள். கோமதி முகத்தைப் பாருங்கள். "மதினி! பல்லு உசுரோட இருக்காம். வேரு முழுசா வளந்து மூடிருச்சாம். டாக்டரம்மா படத்தக் காட்டினாங்க. வாய்க்குள்ள மாட்டிக்க ரப்பர் உறை ஒண்ணுக்கு அளவெடுத்திருக்காங்க, நாளைக்குத் தந்திருவாங்களாம், அதப் போட்டுக்கிட்டு தாராளமா ஆடலாமாம்!"

கேட்டீர்களா? தாராளமாகவாம்.

"சுரீர்னு இருந்துச்சாடி?"

"ம்."

"ரொம்பவா?"

"கொஞ்சம்."

போய்விட்டாள், அத்தையோடு, மருந்துச்சீட்டு வாங்க. நான் அழவில்லை தங்கச்சி, இந்த மின்விசிறி தூசி. பல் பிழைத்ததே, அது போதும் எனக்கு. மற்றபடி திங்கட்கிழமை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகப்போவதில்லை. அப்பனும் அத்தையும் ஏற்றிவிடட்டும், அவர்கள் வேலைதானே எல்லாம்.

ஆனால் ஒன்று யோசித்தீர்களா? அந்தப் பல்லால் இனி எதையும் கடிக்கக் கூடாது. கொய்யாக்காய், மக்காச்சோளம், கரும்பு, எதுவும். வீட்டில் நான் நறுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்துச் சாப்பிடச் சொல்வேன். அங்கே இருநூறு பிள்ளைகளுக்கு நடுவில் யார் நறுக்கித் தருவார்கள்? எனக்கு இந்தப் பல் இப்படி, எனக்கு மட்டும் நறுக்கிக் கொடுங்கள் என்று அவளாக வாய் திறந்து கேட்பாளா? கேட்கமாட்டாள். வலித்தாலும் சொல்லமாட்டாள். எதையும் வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. யாரைக் கொண்டு அப்படிப் பிறந்தாளோ, எனக்குத் தெரியவில்லை.